எண்ணிக்காரி

கமாண்டர் யசோதரா கதவைத் தட்டியபோது ஜெசிந்தாவின் குக்கர் முதல் விசிலை விட்டது.

"ஒண்ணு" என்றது அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெட்டி.

வெள்ளிமணல் கடற்படைக் குடியிருப்பில் அந்தப் பெட்டிக்கு எண்ணிக்காரி என்று பெயர். கம்பெனிக்காரன் வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். குக்கர் விசிலடித்தால் எண்ணிச் சொல்லும். பருப்புக்கு மூன்று, கிழங்குக்கு நாலு என்று முதலிலேயே சொல்லிவைத்துவிட்டால், கணக்கு முடிந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிக் கூப்பிடும். நீங்கள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும். மனிதன் நிலாவுக்குப் போய் வந்துவிட்டான், ஆனால் "இது ரெண்டாவது விசிலா, மூணாவதா" என்ற சந்தேகம் மட்டும் நம் வீடுகளில் தீராமலே கிடந்தது. அதைத் தீர்த்துவைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்றுதான் ஜெசிந்தாவும் நினைத்திருந்தாள். குடியிருப்பின் மனைவியர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். கம்பெனிக்காரனோடு மல்லுக்கட்டி விலையைக் குறைத்து, அறுபது வீட்டுக்கும் மொத்தமாக வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

கதவைத் திறந்தாள். கமாண்டர் சீருடையில் இல்லை, சாதாரணச் சுடிதாரில் இருந்தார். அதைத்தான் ஜெசிந்தா முதலில் கவனித்தாள். சீருடையில் வந்தால் விழாவுக்குக் கூப்பிட வந்திருப்பார்கள். பாதுகாப்புப் பிரிவு அதிகாரி சுடிதாரில் வந்தால் விஷயம் வேறு.

"காப்பி குடிக்கீங்களா மேடம்?"

"வேண்டாம். சும்மா பேசிட்டுப் போகலாம்னுதான்."

"சும்மா பேசுறவங்க செருப்பை இவ்வளவு ஒழுங்கா கழட்டி வைக்க மாட்டாங்க. கேக்க வந்ததை நேராவே கேளுங்க."

யசோதரா லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார். "தொடர்ந்து மூணு தடவை நடந்திருக்கு. நம்ம நீர்மூழ்கி கிளம்பின அன்னிக்கே, வெளிக்கடல்ல ஒரு கப்பல் வந்து நிக்குது. ஆராய்ச்சிக் கப்பல்னு சொல்லிக்கிறான். என்ன ஆராய்ச்சின்னு எங்களுக்குத் தெரியும். நம்ம ஆளுங்க ஆழத்துக்குப் போய்ச் சேர ஒரு பகல் ஆகும். அதுக்குள்ள அவன் அங்க இருக்கான். அப்படின்னா இங்கிருந்து யாரோ சொல்றாங்க."

"அதுக்கு என் வீட்டுக் கதவை ஏன் தட்டுறீங்க?"

"கிளம்புற நாள் மாலுமிங்களுக்கே அன்னிக்கு விடியக்காலைலதான் தெரியும். அதுக்கப்புறம் தெரியற இடம் வீடு. உங்க தம்பி தோஹாவுல இருக்கார். நீங்க வாரா வாரம் அவர்கிட்ட பேசுறீங்க."

ஜெசிந்தாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "நாங்க மீன் விக்கிற குடும்பம் மேடம். ஆளை விக்கிற குடும்பம் இல்ல."

"நான் அப்படிச் சொல்லலை."

"ரெண்டு" என்றது எண்ணிக்காரி.

கோபம் வந்த வேகத்திலேயே பயமும் வந்தது. அவள் கணவன் லாசர் அந்த நீர்மூழ்கியின் காது. சோனார் கருவியின் முன்னால் உட்கார்ந்து, கடலுக்குள் கேட்கும் சத்தம் திமிங்கலமா, மீன்பிடி விசைப்படகா, எதிரியா என்று பிரித்துச் சொல்வது அவன் வேலை. மனைவி மேல் இப்படி ஒரு சந்தேகம் விழுந்தால் அவனைக் கரையில் இறக்கிவிடுவார்கள். பிறகு எந்தக் கதவும் திறக்காது. போதாததற்கு, போன தடவை அவன் திரும்பி வந்ததிலிருந்து எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். கொசு பிடுங்குகிறது என்றாலும் கேட்பதில்லை. காரணம் கேட்டால் புழுக்கம் என்கிறான்.

"சரி," என்றார் யசோதரா, குரலைத் தணித்து. "அவங்க கிளம்பின அன்னிக்கு நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க? ஒண்ணா கூடுவீங்களா? யாருக்காவது போன் போடுவீங்களா?"

"என்னத்தக் கூட? அன்னிக்கு அடுப்பே பத்த வைக்க மாட்டோம்."

"புரியலை."

"முங்கிப் போனவன் வீட்டுல நெருப்பு எரியக் கூடாதும்பாங்க. யாரு ஆரம்பிச்சு வச்சாகளோ, நான் கல்யாணமாகி வாரதுக்கு முன்னயே உண்டு. இந்து, கிறிஸ்தவம், துலுக்க வீடுன்னு வித்தியாசம் கிடையாது. அவுக உள்ள மூச்சடக்கிக் கிடக்காக இல்லையா? அன்னிக்கு ஒரு நாள் வீடும் மூச்சடக்கிக் கிடக்கணும். அவலும் பழமும் தின்னுட்டுப் படுத்துக்குவோம். மறுநாள் விடிஞ்சப்பறம்தான் அடுப்பு."

"எல்லா வீட்டுலயும்?"

"அத்தனை வீட்டுலயும். ஒருத்தி பத்த வச்சா மத்தவ சும்மா விடுவாளா?"

"மூணு ஆச்சு. அடுப்பை அணைங்க" என்றது எண்ணிக்காரி.

ஜெசிந்தா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். கமாண்டர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை வீட்டுல இருக்கு?" என்று கேட்டார். அதுவரை இல்லாத மெல்லிய குரலில் கேட்டார்.

*

அதற்குப் பிறகு சில நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் கமாண்டரிடமிருந்து அழைப்பு வந்தது. வீட்டில் வேண்டாம், தூண்டில் வளைவுக்கு வாருங்கள் என்றார். கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்தக் கல்வரிசையில் அலைச் சத்தத்துக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். போனைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்.

"உங்க மேல சந்தேகம் இல்லை," என்றார் முதலில். "சொன்னது வேற யாரோ. எண்ணிக்காரி."

ஜெசிந்தாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "அது விசிலைத்தான மேடம் எண்ணுது? படகையா எண்ணுது?"

"விசிலை எண்ணி என்ன பண்ணுதுன்னு நினைக்கிறீங்க? கம்பெனியோட கிட்டங்கிக்கு அனுப்புது. கிட்டங்கின்னா மூட்டை அடுக்குற இடம் இல்லை, வெளிநாட்டுல வரிசையா கம்ப்யூட்டர். எந்த ஊர்ல, எந்தத் தெருவுல, எத்தனை மணிக்கு, எத்தனை விசில்னு எல்லாம் அங்க சேருது. அதை அவன் பருப்புக் கம்பெனிக்கு விக்கிறான், கேஸ் கம்பெனிக்கு விக்கிறான். யார் காசு குடுத்தாலும் குடுப்பான்."

"அப்போ திருடிட்டாங்களா?"

"திருடியிருந்தா நாங்க பிடிச்சிருப்போம். கடைல வாங்கியிருக்காங்க, பில்லு போட்டு. நானே ஒரு பேரு வச்சு வாங்கிப் பார்த்தேன். வரைபடத்துல வெள்ளிமணல் தெரியுது. தினமும் அறுபது அடுப்பு கூவுது. திடீர்னு ஒரு நாள் அத்தனையும் வாயை மூடுது. அன்னிக்குத்தான் நம்ம படகு கிளம்புது."

ஜெசிந்தா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தக் காதை அறுபது வீட்டுச் சுவரில் பேரம் பேசி ஒட்டவைத்தது தான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தள்ளுபடி கேட்டு வைத்துக்கொண்டவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஆனால் அதைவிட ஒன்று நெஞ்சை அறுத்தது. ஆண்கள் பத்திரமாக வரவேண்டும் என்று அடுப்பை அணைத்தார்கள். அணைத்ததைப் பார்த்துத்தான் எதிரி வந்து நின்றிருக்கிறான்.

"அவன் வந்து நின்னா என்ன ஆகும் மேடம்? நேராச் சொல்லுங்க. அவுக ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக."

யசோதரா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நம்ம படகு அப்பப்ப மேல வந்து காத்து வாங்கணும். மேல ஒருத்தன் காவல் நின்னா வர முடியாது. போன தடவை ரொம்ப நாள் வர முடியலை. உள்ள இருந்த காத்தையே திரும்பத் திரும்ப மூச்சு விட்டாங்க. ரெண்டு பேர் மயங்கி விழுந்தாங்க."

திறந்து கிடந்த ஜன்னல்கள் ஜெசிந்தாவின் கண்முன் வந்தன. லாசரைப் பார்த்துக் கொசுக்கடி என்று கத்தியதை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

"இப்பவே போய் எல்லாத்தையும் பிடுங்கி எறியுதேன்," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"கூடாது. பிடுங்கினா நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். வேற வழி தேடுவான். அது என்ன வழின்னு நமக்குத் தெரியாது. இது தெரிஞ்ச திருட்டு வழி. இதுலயே அவனை ஏமாத்தணும்."

"எப்படி?"

"அவங்க கிளம்புற அன்னிக்கு எல்லா அடுப்பும் எப்பவும் போல எரியணும். அவங்க கடல்ல இருக்கிற வரைக்கும் வீட்டுல ஆள் இருக்கிற மாதிரியே விசில் கேக்கணும். அப்புறம், அவங்க திரும்பி வந்து வீட்டுல இருக்கும்போது, நாங்க சொல்ற சில நாள் ஒரு விசிலும் வரக்கூடாது. அவன் தப்பான நாள்ல வந்து காத்துக் கிடக்கட்டும்."

"எங்க பேச்சையும் கேக்குதா அது?"

"கேக்கும். ஆனா விக்கிறது எண்ணிக்கையை மட்டும்தான். இப்போதைக்கு. அதனால இந்த விஷயத்தை அடுக்களைல வச்சுப் பேசாதீங்க. ஆம்பளைங்ககிட்டயும் சொல்ல வேண்டாம்."

"ஏன்?"

"கடல்ல என்னைக்காவது பிடிபட்டா கேள்வி கேப்பாங்க. தெரியாததை யாராலயும் சொல்ல முடியாது."

அந்தப் பதிலைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது.

*

லாசர் கிளம்பிய காலை எப்போதும் போலத்தான் இருந்தது. வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னான்.

"வந்ததும் ஆட்டுக்கால் பாயா. எட்டு விசில். அந்தப் பெட்டியை எண்ண விடாத, நான் எண்ணிக்கிடுதேன்."

"எப்பப் பாரு விசிலு விசிலுன்னு. அதுல என்ன இருக்கு?"

"உனக்கென்னட்டி தெரியும்? உள்ள ஒரு கரண்டி கீழ விழுந்தா எல்லாரும் கொலைகாரனைப் பாக்க மாதிரி பாப்பானுவ. தும்மல் வந்தாத் துணியை வாயில திணிச்சுக்கணும். வீட்டுக்கு வந்து, நம்ம குக்கரு வெக்கமே இல்லாம ஊரைக் கூட்டுது பாரு, அதைக் கேட்டாத்தான் எனக்குக் கரை ஏறின மாதிரி."

போய்விட்டான். அவள் நேரே பூப்பந்து மைதானத்துக்குப் போனாள். பெண்களை அங்கேதான் வரச் சொல்லியிருந்தாள். அங்கே அடுப்பும் இல்லை, சுவரும் இல்லை.

சொன்னாள். சொல்லக்கூடிய அளவு சொன்னாள். பெட்டி காட்டிக் கொடுக்கிறது, இன்றைக்கு எல்லாரும் சமைத்தாக வேண்டும், மேலிட உத்தரவு. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில், அவர்களில் அதிகமாக வாய் பேசும் பரீதாவே, "ஜெசிந்தா மொதல்ல பத்த வைக்கட்டும். அவ வீட்டுல விசில் வந்தா நாங்களும் வைக்கோம்" என்றாள். சரி என்று கலைந்தார்கள்.

ஜெசிந்தா தீக்குச்சியை எடுத்துவிட்டு உரசாமல் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்; கிட்டங்கி தெரியும், பில்லு தெரியும், வரைபடம் தெரியும். தெரிந்து என்ன? இருபது வருடமாக இந்த நாளில் இந்த அடுப்பைத் தொட்டதில்லை. இருபது வருடமும் அவன் திரும்பி வந்திருக்கிறான். "மாதாவே, இது அவுகளுக்காகத்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டு பற்றவைத்தாள். விசில் வந்தபோது அவளே திடுக்கிட்டாள்.

"ஒண்ணு."

பக்கத்து வீட்டில் ஒன்று கேட்டது. மேல் மாடியில் ஒன்று. பிறகு எதிர் பிளாக்கில். மத்தியானத்துக்குள் குடியிருப்பே கூவிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு வீட்டைத் தவிர. எதிர்வீட்டு இசக்கிப்பிரியாவுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. புருஷனுக்கு இது முதல் பயணம். அவள் வீட்டில் சத்தமே இல்லை.

ஜெசிந்தா போய்ப் பார்த்தாள். பிரியா அடுக்களைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஜெசிந்தா அவளைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"ஏட்டி, ஊரே வச்சாச்சு."

"ஊரும் என் புருஷனும் ஒண்ணா மைனி? என்னால முடியாது. என் கையால நெருப்பு வச்சு, அவருக்கு ஏதாவது ஆயிட்டுன்னா நான் எப்படி இருப்பேன்?"

"வைக்காமப் போனாத்தான் ஆகும். அதுக்குத்தான இவ்வளவும்."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

ஜெசிந்தாவால் சத்தியம் பண்ண முடியவில்லை. ஒரு வீடு ஊமையாக இருந்தால் என்ன, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று விட்டுவிடலாம். ஆனால் கமாண்டர் சொல்லியிருந்தார், எதிரி ஒரு வீட்டின் மௌனத்தையும் கவனிக்கிறான் என்று. புருஷன் முதல் பயணம் போன வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அவள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அடுப்பில் குக்கர் அடுத்த விசிலுக்கு முக்கிக்கொண்டிருந்தது. பழந்துணியைக் கையில் சுற்றி, அதை அப்படியே தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள்.

பிரியாவின் அணைந்த அடுப்பின் மேல் குக்கரை வைத்தாள். ஒரு கரண்டிக் காம்பை எடுத்துக் குக்கர் குண்டை லேசாக நெம்பினாள். உஸ்ஸென்று நீராவி பீறிட்டது.

"ஒண்ணு" என்றது பிரியா வீட்டு எண்ணிக்காரி.

குண்டை விட்டாள். மறுபடி நெம்பினாள்.

"ரெண்டு."

பிரியாவுக்குப் புரிந்தது. அவள் வீட்டில் நெருப்பு எரியவில்லை, விசிலும் வந்துவிட்டது. சாமியும் ஏமாறவில்லை, எதிரி மட்டும் ஏமாந்தான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மூன்றாவது விசிலுக்கு ஆவி போதவில்லை. புஸ் என்று அடங்கிவிட்டது. எண்ணிக்காரி அதையும் தாராள மனசோடு மூன்று என்றே கணக்கு வைத்தது.

*

அந்த இரண்டு மாதமும் வெள்ளிமணலில் சோறு சீரழிந்தது. இல்லாத ஆண்களுக்குப் பருப்பு வெந்தது, கிழங்கு வெந்தது. நாய்கள் கொழுத்தன. வெறும் தண்ணீரை வைத்து விசிலடிக்க வைக்கலாம் என்று பரீதா கண்டுபிடித்தாள். அதன் பிறகு எல்லாரும் தண்ணீரை வேகவைத்தார்கள். வெறும் தண்ணீருக்கு முன்னால் தினமும் நின்றுகொண்டிருப்பது ஒரு மாதிரியாக இருந்தது. ஆள் இல்லாத வீடு இன்னும் ஆள் இல்லாததாகத் தெரிந்தது என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றும். ஆனாலும் விடாமல் செய்தார்கள்.

ஒரு நாள் ஜெசிந்தா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது யசோதரா அழைத்தார். "இந்தத் தடவை வெளியில யாரும் நிக்கலை," என்றார். ஜெசிந்தா போனைக் காதில் வைத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டாள். கமாண்டர் தொடர்ந்தார். "ஒண்ணே ஒண்ணு. சி பிளாக்ல மாடி வீட்டுல நேத்து சாயங்காலம் வழக்கத்தைவிட ரெண்டு விசில் கூட. யாராவது வந்திருந்தாங்களா?"

ஜெசிந்தா கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள்.

"அவ அப்பா வந்திருந்தாரு. சர்க்கரைக்காரரு, கொள்ளு அவிச்சா. ஏன் மேடம், இதுவரை அவன் எண்ணினான், இப்ப நீங்களும் எண்ணுதீங்களா?"

"நாங்க நம்ம ஆளுங்கம்மா. சரியா நடக்குதான்னு பார்க்கணுமில்ல?"

"நம்ம ஆளுன்னா கதவைத் தட்டிட்டு வரணும்," என்றாள் ஜெசிந்தா. ஆனால் மறுவாரமும் கேள்வி வந்தது.

*

லாசர் நல்லபடியாகத் திரும்பினான். எல்லாரும் திரும்பினார்கள். பிரியா வாசலில் நின்று புருஷனைப் பார்த்த பார்வையில் ஜெசிந்தாவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் உத்தரவு முன்னாலேயே வந்துவிட்டது. இந்த ஒரு வாரம் ஒரு விசிலும் கூடாது. படகு கடலில் இருப்பதாக எதிரி நம்பிக்கொண்டு வெளியில் வந்து காத்துக் கிடக்க வேண்டும்; ஆண்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், இரண்டு மாதம் வேகவைத்த தண்ணீர் அத்தனையும் வீண். அடுத்த பயணத்தில் மறுபடி தலைக்கு மேல் கப்பல் நிற்கும்.

முதல் நாள் பானையில் வடித்த சோறும் மீன்குழம்பும் போட்டாள். லாசர் சாப்பிட்டான். இரண்டாம் நாள் பானையில் மெதுவாக வெந்த ஆட்டுக்கால். அதையும் சாப்பிட்டான்.

"குக்கரு ரிப்பேரா?"

"வாசர் போயிட்டு."

மூன்றாம் நாள் கடைக்குப் போய்ப் புது வாசர் வாங்கிவந்து மேசைமேல் வைத்தான். அவள் அதை எடுத்துப் பூட்டவில்லை. அவன் அவளையே பார்த்தான்.

"ஜெசி, எம்மேல ஏதாவது கோவமா?"

"அப்படில்லாம் ஒண்ணும் இல்ல."

"இந்தத் தடவை உள்ள நல்லாத்தான் இருந்தது. யாரும் தொந்தரவு பண்ணல. ஆனா இங்க வந்தா வீடு உள்ள இருக்க மாதிரியே இருக்கு. சத்தமே இல்ல. எனக்கு இன்னும் கரை ஏறின மாதிரியே இல்லட்டி."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்ல முடியாது. சொல்லிவிட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைத்தான் பிடிபட்ட அன்று கேட்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சட்டையை மாத்துங்க. எங்க அக்கா வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

தூத்துக்குடியில் இருக்கிற எமில்டா அக்கா எண்ணிக்காரியை வீட்டுக்குள் விடாதவள். "எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று ஜெசிந்தா கொடுத்த பெட்டியைத் திருப்பி அனுப்பியவள். ஆட்டுக்காலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். போய்ச் சேர்ந்ததும் ஜெசிந்தா செய்த முதல் வேலை அடுக்களைச் சுவரைப் பார்த்ததுதான். சுவரில் பெட்டி இல்லை. காலண்டர் ஒன்று, மாதா படம் ஒன்று. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"அடுப்பு புதுசாக்கா?"

"பழசு ஒழுகுதுன்னு ஆடித் தள்ளுபடில எடுத்தேன். கண்ணாடி மேல பாரு, துடைச்சா பளிச்சுன்னு இருக்கு."

பாயா ஏறியது. லாசர் அடுக்களையிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கையில் கரண்டி, மடியில் தட்டு, பரிசு வாங்கப்போகிற பிள்ளையைப் போல. எமில்டா அவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு தேங்காய் உடைக்கக் கொல்லைக்குப் போனாள். குக்கர் முனகியது, ஆடியது, பிறகு தெருவே கேட்கும்படி ஒரு விசில் விட்டது. லாசர் கண்ணை மூடிக்கொண்டான். முகம் அப்படியே இளகியது.

"ஒண்ணு," என்று அவனே எண்ணினான். "இப்பத்தான் ஜெசி கரை ஏறினேன்."

ஜெசிந்தா சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னும் ஏழு இருக்கு, பொறுமையா ஏறுங்க."

"வாங்க ஜெசிந்தா," என்றது அடுப்பு. "குரலைக் கேட்டு நாளாச்சு. இந்த வாரம் உங்க வீட்டுல சமையலே இல்லையே?"

அதே குரல், எண்ணிக்காரியின் குரல். சுவரில் தேடியவள் அடுப்பில் தேடவில்லை. புது அடுப்புக்குள்ளேயே வைத்து விற்கிறார்கள் போல. லாசர் ஏதோ கேட்க வாயைத் திறந்தான். அவள் சட்டென்று கையை உயர்த்தினாள்.

அவனுக்கு ஏன் என்று தெரியாது. ஆனால் அந்தக் கையைத் தெரியும். படகில் கேப்டனின் கை அப்படி உயரும். உயர்ந்தால் தலைக்கு மேல் யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். லாசர் திறந்த வாயை மூடினான். நாற்காலி கிரீச்சிடாமல் உடம்பை நிறுத்தினான். கரண்டியைத் தட்டில் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். மூச்சைக்கூட அளந்து விட்டான். வீட்டுக்கு வந்தவன் மறுபடி உள்ளே போய்விட்டதை அவள் கண்ணெதிரே பார்த்தாள்.

"இன்னிக்கு எத்தனை பேருக்குச் சமையல்?" என்று கேட்டது அடுப்பு. "மசாலா அளவு சொல்றேன்."

ஜெசிந்தா அடுப்பின் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டாள்.

"அக்காவும் நானும்தான். ரெண்டே பேரு."

குக்கர் இரண்டாவது விசிலை விட்டது. லாசர் அசையவில்லை.

"சரி ஜெசிந்தா," என்றது அடுப்பு. "மூணு பேருக்கு அளவு சொல்றேன், எழுதிக்கோங்க."